இறக்குமதியாளர் வேம்பு

"இறக்குமதியாளர்: இ. வேம்பு. வகை: தனிநபர். பொருள்: வேளாண் இயந்திர உதிரிபாகம். தன்மை: பரிசு."

சென்னை விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஓர் அட்டைப் பெட்டியின் ஆவணம் இப்படிச் சொன்னது. இதில் பெயர் மட்டும்தான் அவளுக்குப் பொருந்தியது. திருவாரூருக்குக் கிழக்கே மேலப்படுகையில் குத்தகைக்கு நிலம் பார்க்கும் வேம்பு, கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணியில்தான். அங்கேயும் கால் நனைத்ததோடு சரி, எதையும் இறக்கவில்லை. தனிநபர் என்பதும் சரியில்லை. பாவாடை கட்டிய வயதில் நடவு வரிசையில் இறங்கியவள் அவள். இருபுறமும் ஆள் இல்லாமல் நின்ற நினைவே அவளுக்குக் கிடையாது. பரிசு என்ற சொல்லில் இருந்த சிக்கல் பின்னால் வரும்.

நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் எல்லோரும் புலம்பத் தொடங்கிய காலத்தில், அந்தக் கிடைக்காத ஆட்களில் ஒருத்தியான வேம்பு, மகளிர் குழுக் கடனில் பழைய நடவு மிஷின் ஒன்றை வாங்கினாள். கணவர் இளையபெருமாள் திருப்பூரில் காவலாளி. பொங்கலுக்கு வருவார், மிஷினைச் சுற்றி வந்து பார்ப்பார், போய்விடுவார். குனிந்து நடுவதிலிருந்து தப்பிக்க வாங்கிய மிஷினைப் பழுது பார்க்க அதன் அடியில் குனிந்தே வேம்புவின் பொழுதுகள் கழிந்தன. ஆனாலும் ஊர் அவளை மிஷின்காரி என்றது. அதற்காக இடுப்பு வலியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்தப் புரட்டாசியில் மிஷினின் இரும்பு விரல்களில் ஒன்று சேற்றுக்குள் கிடந்த கருங்கல்லில் மோதி ஒடிந்தது. நாற்றைக் கிள்ளி மண்ணில் ஊன்றுவது அந்த விரல்தான். தஞ்சாவூர்க் கடைக்காரர் ஒடிந்த துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் நின்று பல வருஷமாகிறது என்றார். வீட்டுக் கொல்லையில் நாற்று தயாராக இருந்தது. மிஷினுக்கான நாற்றைப் பிளாஸ்டிக் தாளின் மேல் பாய் போல வளர்க்க வேண்டும். பச்சைப் பிள்ளையாக இருக்கும்போதே அதைச் சுருட்டி மிஷினில் ஏற்றிவிட வேண்டும். வயது கூடினால் வேர்கள் பின்னிக்கொள்ளும். அப்புறம் எந்த விரலாலும் கிள்ள முடியாது.

மகள் எழில்மொழி கைப்பேசியில் தேடி, அந்த விரல் ஒரு வெளிநாட்டுக் கடையில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்தக் கடை இந்தியாவுக்கு அனுப்பாது, சிங்கப்பூருக்கு அனுப்பும். சிங்கப்பூரில் வேம்புவின் தம்பி சேரன் இருந்தான். வழக்கமாக அங்கிருந்து வருவதெல்லாம் திருச்சி விமானத்தில் வருகிறவர்களின் கையில்தான் வரும். தைலம், சாக்லேட், போர்வை எதுவானாலும் அப்படித்தான். தீபாவளிக்கு முன்னால் யாரும் வருவதாக இல்லை. எனவே சேரன் விரலை வாங்கிக் கூரியரில் போட்டான்.

சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. கூரியர் அலுவலகத்து அறிவுச்செல்வன்.

"ஹலோ, இம்போர்ட்டர் வேம்புங்களா?"

"இம்போர்ட்டர்னு இங்க யாரும் இல்லீங்களே. நான் வேம்பு."

"நீங்கதாம்மா. பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது. வரி கட்டணும்."

"என் தம்பி சும்மா குடுத்ததுங்க. நான் வெலைக்கு வாங்கல."

"கிஃப்ட்டுக்கும் வரி உண்டும்மா. உயிர் காக்குற மருந்துக்கும் ராக்கிக் கயித்துக்கும்தான் விலக்கு."

"அது என்ன கயிறு?"

"வடக்க அக்கா தங்கச்சிங்க அண்ணன் தம்பிக்குக் கட்டுவாங்கம்மா."

"இது தம்பி அக்காளுக்கு அனுப்புனது. அது நூலு, இது இரும்பு. வேற என்னங்க வித்தியாசம்?"

அறிவுச்செல்வன் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருந்துகிறவன் போல் குரலைத் தாழ்த்தினான். "வரி பெருசா வந்ததுக்குக் காரணம் வேறம்மா. உங்க தம்பி மதிப்பு எக்கச்சக்கமா போட்டிருக்காரு. இந்த வெலைக்குப் பாதி மிஷினே வாங்கிரலாம். அவர் வாங்குன பில்ல அனுப்பச் சொல்லுங்க, நெஜ வெலைக்கு மாத்தப் பாக்கறேன். வரி பாதிக்கு மேல கொறையும். லேட் பண்ணாதீங்க, கிடங்கு வாடகை ஏறிக்கிட்டே இருக்கு."

சுங்கத்துக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுவதுதான் உலக வழக்கம். சேரன் கூட்டி எழுதியிருந்தான். காரணம் அறிவுச்செல்வனுக்குப் புரியாது. வேம்புவுக்கு உடனே புரிந்தது.

எழில்மொழிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சேரனுக்கு வேலையில்லை. சீர்த்தட்டில் வாழைப்பழமும் ஒரு சட்டைத் துணியும் கொஞ்சம் பணமும் வைத்தான். மைக்கில் மொய் வாசித்தவர் மற்றவர்கள் தொகையை மண்டபம் அதிர வாசித்துவிட்டு, தாய்மாமன் தொகைக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார். பந்தியில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வருஷம் சேரன் சிங்கப்பூர் போனான். இத்தனை காலத்தில் அக்காள் அவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இந்த இரும்பு விரல். கூரியர் படிவத்தில் மதிப்பு என்ற கட்டத்தைப் பார்த்ததும் அவன் கண்ணில் அந்த மைக் தெரிந்திருக்க வேண்டும்.

"மாமாகிட்ட பில்ல கேளும்மா. ஒரு போட்டோதானே?" என்றாள் எழில்மொழி. அவள் பி.காம்.

"சீர் குடுத்தவங்கிட்ட பில் கேப்பாங்களாடி?"

"இது சீரா? ஸ்பேர் பார்ட்டும்மா."

"அவன் சீர்னு நெனச்சுல்ல அனுப்பியிருக்கான்."

"அவரு கௌரவத்துக்கு நீ வரி கட்டுவியா?"

"உன் காதுகுத்துல சிரிச்சாங்களே, அன்னைக்கு அவன் சோறு திங்காம போனான். நீ பச்சப்புள்ள. உனக்கென்ன தெரியும்?"

"சரி, நான் கேக்கறேன்."

"போன்ல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்."

வேம்பு தனக்குத் தெரிந்த வழியில் முயன்றாள். அறிவுச்செல்வனைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். "நீங்களே கொறச்சுப் போட்டுக்கக் கூடாதா தம்பி? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." "அம்மா, என் வேல போயிரும்மா." "ஒங்க வேல போக வேணாம். வேற ஏதாச்சும் வழி இருக்கா?" "பில்லும்மா." இடையில் ஆயுத பூஜை வந்தது. சென்னையில் அலுவலகம் மூடிக்கிடந்தது. மேலப்படுகையில் விரல் ஒடிந்த மிஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஓடாத இயந்திரத்துக்குக் கும்பிடு கிடைத்தது. ஓடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கிண்ணம் பொரிகடலை.

கொல்லையில் நாற்று நுனி மஞ்சளித்தது. வேம்பு பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வேர்கள் பின்னத் தொடங்கியிருந்தன. இனியும் பேசிக்கொண்டிருந்தால் நாற்றும் போகும், விரலும் வராது. நடவுச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்தாள். எழில்மொழி கைப்பேசியில் கட்டினாள். வரி ஒன்று. அந்த வரியை அவள் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரர்கள் கேட்ட கட்டணம் ஒன்று. அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி. நின்றதற்கு வாடகை. அனுப்பிய கூலி தனியாகச் சேரன் கட்டியது. உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் துண்டு, வழிநெடுகத் தின்றுகொண்டே வந்தது.

பெட்டி வந்தது. விரலைப் பொருத்தி, நாற்றுப் பாயை ஏற்றி, மிஷினை வயலில் இறக்கினாள். புது விரல் பளபளவென்று போய் நாற்றைக் கிள்ளியது. ஒரு நாற்றுக்குப் பதில், பின்னிய வேரோடு கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் கொட்டியது. அடுத்த அடியில் ஒன்றுமேயில்லை. அதற்கடுத்த அடியில் மறுபடி கொத்து. வேம்பு மிஷினை நிறுத்தினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாயைக் கையால் பிய்த்து, வேரை உதறிப் பிரித்து, குனிந்து நடத் தொடங்கினாள். ஆள் வைக்கப் பணமில்லை.

வரப்பில் போன பிரகதீஸ்வரி நின்றாள். பழைய நடவு வரிசையில் பக்கத்து ஆள்.

"என்னடி மிஷின்காரி, எறங்கிட்ட? பெட்ரோல் தீந்துபோச்சா?"

"இந்த மிஷினுக்குச் சோறுதாண்டி பெட்ரோலு. நீ வாய் பாக்காம எறங்கு. ஒன் வயலுக்கு நான் வர்றேன்."

"அந்த மிஷின் வர்றதா இருந்தா எறங்குறேன்."

"நானும் வர்றேன், அதுவும் வரும். எறங்குடி."

பிரகதீஸ்வரி இறங்கினாள். எழில்மொழி பாயைப் பிய்த்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது, கடைசித் துண்டு வயலில், சேரனிடமிருந்து போன் வந்தது. மகள் அதை அம்மாவின் காதோரம் பிடித்துக்கொண்டாள். வேம்புவின் கை முழுக்கச் சேறு.

"அக்கா, சாமான் வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"வரி கிரின்னு ஏதும் கேட்டானா?"

எழில்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லடா. குடுத்துட்டுப் போனான்."

"பாத்தியா! வெயிட்டா வெல போட்டேன்ல, கேக்கப் பயந்திருப்பான். மிஷின் ஓடுதா?"

"ஓடுது. வயல்லதான் நிக்கிறேன்."

"எழிலு கல்யாணத்துக்குப் பாருக்கா, இதெல்லாம் ஒண்ணுமில்லங்கற மாதிரி செய்யறேன்."

"செய்யி. வேளைக்குச் சாப்புடு."

ஆவணத்து இறக்குமதியாளர் வேம்பு செய்தது இவ்வளவுதான். தம்பியிடம் பில் கேட்காமல் இருந்தாள், அவன் எழுதிய விலைக்கே வரி கட்டினாள், மூன்று நாள் குனிந்து வயலைக் கையால் நட்டாள்.