வில்லன் வீட்டுக் கம்ப்யூட்டர்

பழைய படங்களில் வில்லனின் குகைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பீரோ உயரம். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சம்பந்தமே இல்லாமல் மின்னும், நாடாச் சக்கரங்கள் சுற்றும். இந்தப் பொத்தானை அமுக்கினால் ஊரே அழியும் என்பான் வில்லன். அட போங்கடா, சம்பளப் பட்டியல் அடிக்கவே அந்தப் பெட்டிக்கு ஒரு நாள் போய்விடும்! துறைமுக வேலையில் சேர்ந்த புதிதில் அதோடு மாரடித்தவன் நான்.

மனைவி போன பிறகு மாப்பிள்ளையூரணி வீட்டில் நான் ஒருத்தன்தான். மகன் கனடாவில். பழைய மிஷின் என்றால் அவனுக்குப் பைத்தியம். அதனால் மதியம் டிவியில் அப்படி ஒரு பெட்டி வந்தால் உடனே போனில் படம் பிடித்து, "ஏலே, இது என்ன மிஷின்?" என்று அனுப்புவேன். அங்கே விடிந்ததும் அவன் குரல் பதிவு வரும்.

"எப்பா, அது கம்ப்யூட்டரே இல்ல. டெலிபோன் ஆபீசுல கழட்டிப் போட்ட பெட்டிக்குப் பல்பு மாட்டியிருக்கானுவ!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். மிஷின் பெயர் எனக்குத் தெரியாதா என்ன? அவன் குரல் வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் லீவுக்கு வந்தவன், கிளம்புகிற அன்று என் போனில் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றினான்.

"படத்தக் காட்டுனாப் போதும்ப்பா, என்ன மிஷினு, எந்த வருசம்னு அதுவே சொல்லிரும். நீங்க எனக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம்."

நல்ல பிள்ளை. நான் காத்துக்கிடப்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

அவன் போன பிறகு ஒரு மதியம், டிவியில் வில்லன் வந்தான், பெட்டியும் வந்தது. உப்பளத்துக் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. ஆப்பில் காட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் பெயர், செய்த ஊர், வருடம் எல்லாம் சொல்லிவிட்டது. பாவி, ஒரு தப்புகூட இல்லை. அதற்கு மேல் பேசவும் இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. மகனுக்கே அந்தப் படத்தை அனுப்பினேன். "ஏலே, ஒன் ஆப் தப்புத் தப்பாச் சொல்லுது. நீயே பாத்துச் சொல்லு" என்று எழுதினேன். பச்சைப் பொய். அன்று முழுக்கப் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

பதில் வந்தது. குரல் இல்லை, எழுத்து.

"அப்படியாப்பா? கவலப்படாதீங்க. இதவிட நல்ல ஆப் ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புதேன்."