களிச் சட்டியும் பட்டறைத் தகடும்

என் மனைவிக்கு ஒரு முறை கலைந்து போய், பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை அது. பரிசோதித்த நர்ஸம்மா சொன்ன முதல் சேதியே, "ரத்தம் கம்மியா இருக்கு" என்பதுதான். கேழ்வரகு கொடுங்கள், கீரை கொடுங்கள் என்றார். இந்த முறை எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்திலேயே நான் எழுந்தேன், தூங்கினேன்.

சமையல் என் பாடு. அவளுக்கு ஓசூரில் போன் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் கெலமங்கலம் சந்தையிலிருந்து தக்காளியும் கோஸும் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறேன். மதியத்துக்குள் வீடு வந்துவிடுவேன். "என்னடா, கரண்டி புடிக்கிறியாமே?" என்று ஸ்டாண்டில் கிண்டல் அடிப்பார்கள். அடிக்கட்டும். நான் கிண்டும் களியை அவர்கள் தின்று பார்த்ததில்லை.

களி கிண்டுவது லேசான வேலை இல்லை. சட்டியை இறக்கி, சாக்கு போட்டுக் காலால் அண்டக் கொடுத்து, கட்டையால் அடி வரைக்கும் அழுத்திக் கிண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டிவிடும். கல்யாணத்துக்கு வந்த நான்ஸ்டிக் சட்டியில்தான் அதைச் செய்துகொண்டிருந்தேன். ஒட்டாது, கழுவவும் சுலபம். ஒருநாள் கழுவும்போது விரலில் நெருடியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அடியில் கறுப்புப் பூச்சு சொறி பிடித்த மாதிரி உரிந்து கிடக்கிறது. உரிந்ததெல்லாம் எங்கே போயிற்று? களிக்குள்தான். களியும் கறுப்பு, அதுவும் கறுப்பு. யார் கண்ணுக்குத் தெரியும்? ஐயோ, இதையா வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உருட்டி உருட்டிக் கொடுத்தேன்?

சட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன். சரி, இனி எதில் சமைப்பது? அங்கே ஆரம்பித்தது தலைவலி.

வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். "அலுமினியம் பேடப்பா, வேணாம். புளி ஊத்துனா அதையே தின்னுரும். மண் சட்டி வாங்கிக்கோ தம்பி" என்றார். மண் சட்டி வாங்கப் போனால், பளபளவென்று மெருகு பூசியதை எடுக்காதே, அந்த மெருகில் என்ன கலந்திருக்கிறதோ என்று பக்கத்தில் நின்ற ஒருத்தர் கிளப்பிவிட்டார். பித்தளை நல்லது என்றது போனில் வந்த ஒரு வீடியோ. கீழே ஒருத்தன், உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் விஷம் என்று எழுதியிருந்தான். எவர்சில்வரே எடுப்போம் என்று பாத்திரக் கடைக்குப் போனால், கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "இது ஒட்டல, நல்ல சரக்கு" என்றார். அடுத்த கடையில், "ஒட்டுனாத்தாங்க கரண்டு அடுப்புல வேலைக்காகும், எடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். யாரை நம்புவது? நான் தக்காளி ஏற்றுகிறவன். அழுகலா நல்லதா என்று தொட்டாலே சொல்லிவிடுவேன். இந்தப் பாத்திரத்தைத் தொட்டால் ஒன்றும் விளங்கவில்லை.

இதற்கு நடுவில் நர்ஸம்மா, "இரும்புச் சட்டியில சமைங்க, ரத்தத்துக்கு நல்லது" என்றார். அப்பாடா, ஒரு வழி தெரிந்தது, முதலில் தோசைக்கல்லை இரும்பாக்குவோம் என்று மச்சானிடம் சொன்னேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். பேரிகையிலிருந்து வந்து இங்கே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் பக்கம் பாதி வீட்டில் தோசைக்கல் கடையில் வாங்கியது இல்லை. பட்டறையில் மிஞ்சிய இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, ஓரம் தேய்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அதுதான் சீர். முதலாளிக்கும் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார்.

"தங்கச்சிக்குத் தானே மாப்ள? நாளைக்கே வெட்டிக் கொண்டாறேன்" என்றார். சொன்னபடியே கொண்டுவந்தார். மற்ற வீட்டுக் கல் எல்லாம் கறுப்பு. இது வெள்ளி மாதிரி மின்னியது. மனைவிக்கு அண்ணனைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை.

எண்ணெய் தடவி அடுப்பில் வைத்தேன். முதலில் லேசாகப் புகைந்தது. புது இரும்பு அப்படித்தான் என்று நினைத்தேன். பிறகு நடுவில் மஞ்சள் படர்ந்து, நாக்கில் காசை வைத்த மாதிரி ஒரு வாடை. அடுத்த நிமிஷம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், என்ன தகடு இது?"

"மாப்ள... அதுல மாவு ஊத்திட்டீங்களா?"

"இல்ல. காய வெச்சேன். அவ வாந்தி எடுக்குறா."

"வேணாம் மாப்ள, எடுத்துருங்க. அது ஜி.ஐ. துரு புடிக்காம இருக்க மேல துத்தநாகம் பூசுனது. சாதா இரும்பும் கெடந்துச்சு. தங்கச்சிக்கு நல்லா பளபளன்னு இருக்கட்டுமேன்னு..." எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாந்தி புகையால் வந்ததா, மசக்கையால் வந்ததா என்று கேட்டேன். "ரெண்டுமே வாந்தி வர வைக்கும். எதுனாலன்னு எப்படிப்பா சொல்றது?" என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் பார்த்து, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். நான் சட்டியின் கதையையும் கொட்டினேன். உரிந்த பூச்சு வயிற்றில் தங்காமல் போயிருக்கும், ஆனாலும் உரிந்த பாத்திரம் இனி வேண்டாம். என்ன பூச்சு என்று தெரியாத தகடும் வேண்டவே வேண்டாம். சாதாரண இரும்பும் நல்ல எவர்சில்வரும் போதும் என்றார். "போயிருக்கும்" என்றாரே தவிர "போயிற்று" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை வழியெல்லாம் என்னை அரித்தது.

வரும்போதே கடையில் ஒரு கறுப்பு இரும்புச் சட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவள் முன்னால் வைத்தேன். "இனிமே உனக்கு எல்லாம் இதுலதான் புள்ள. கவலைய விடு."

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, வீட்டுல நான் திங்கிறது ஒரு வேளை. ரெண்டு வேளை கம்பெனி கேண்டீன்ல திங்கிறேன். அங்க எதுல ஆக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

இத்தனை கடை ஏறி இறங்கினேனே, இது எனக்குத் தோன்றவே இல்லை.

"டப்பால கட்டித் தர்றேன்" என்றேன்.

"வெளிச் சோறு உள்ள விட மாட்டாங்க மாமா. கேட்டுலயே வாங்கி வெச்சுருவாங்க."

மறுநாள் காலையில் புதுச் சட்டியில் களி கிண்டி, கீரை கடைந்து, கேண்டீன் சோறு ஒரு வேளையாவது குறையட்டும் என்று கம்பெனி பஸ் வரும் இடத்துக்கே எடுத்துப் போனேன். மற்றப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே நின்றபடி தின்றாள். பாதி தின்பதற்குள் பஸ் வந்துவிட்டது. டப்பாவை என் கையில் திணித்து, "போதும் மாமா, மிச்சத்த நீங்க தின்னுருங்க" என்று ஏறிப் போனாள். நான் டப்பாவை மூடி, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்தால் அவள் முழுசாகத் தின்ன முடியும் என்று கணக்குப் போட்டபடி டெம்போவுக்கு நடந்தேன்.