மூன்றாம் நம்பர் மேஜையில் சம்பந்தியம்மா

போன சனிக்கிழமை தென்காசியில் என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

வழக்கமாக என் பெயரை மைக்கில் கூப்பிட்டால் ஒரு சால்வை வரும். ஓர் எலுமிச்சம்பழம் வரும். 'இப்போது நம் எழுத்தாளர் அம்மா நாலு வார்த்தை பேசுவார்' என்று அறிவிப்பு வரும். இந்த முறை வந்தது வேறு.

"மேலகரம் சண்முகையா, மனைவி கோமதி... வங்கிக் கடன் பாக்கி... மூணாம் நம்பர் மேஜைக்கு வரவும்!"

ஆமாம், நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் அரட்டை அடிக்கும் அதே கோமதி. இடம் – கோர்ட் வளாகத்தில் நடந்த மக்கள் நீதிமன்றம். விஷயம் – கடன் வாங்கினோம், கட்டவில்லை.

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மைக்கிலேயே சொல்லியாகிவிட்டது... இனிமேல் பேப்பரில் சொன்னால் என்ன?

எங்கள் வீடு மேலகரத்தில். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் போகும் கார் எல்லாம் எங்களைத் தாண்டித்தான் போகும். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வாசலில் நின்று அந்தக் கார்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்துவிட்டு, "ஏட்டி கோமதி, மாடியில நாலு ரூம் கட்டிருவோம். ஒண்ணு ஏசி" என்றார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தோம். நாலு ரூமும் எழுந்தன.

முதல் வருஷம் அருவியில் தண்ணீர் இல்லை. வெறும் பாறை. ஆள் வரவில்லை. அடுத்த வருஷம் தண்ணீர் தாராளம் – ரொம்பத் தாராளம். 'குளிக்கத் தடை' என்று நாளும் செய்தி. அப்போதும் ஆள் வரவில்லை. எங்கள் வட்டிக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சீசன்!

தவணை ஒன்று தவறியது. இரண்டு தவறியது. ஆறாவது தவறியபோது போன் வர ஆரம்பித்தது.

அதன்பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே... திருடர்கள்கூட அப்படி வாழ மாட்டார்கள். சேமித்து வைக்காத நம்பர் என்றால் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவார் இவர். அது அரிசிக்குள் கிடந்து வண்டு மாதிரி முனகும். கேட் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு மெல்ல எட்டிப் பார்த்தால், வந்தவர் கல்யாணப் பத்திரிகையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். என் சொந்த அத்தான்!

கல்யாணம், காட்சிக்குப் போவதை நிறுத்தினோம். இவருக்கு எட்டுக் கிலோ குறைந்தது. "என்ன டயட் அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல?

அந்த மாதங்களில்தான், கவலை இல்லாமல் வாழ்வதைப் பற்றி இதே பக்கத்தில் வரிசையாக நான்கு வாரம் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பால் வாங்கப் போன இவர் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை. தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். பால் பாக்கெட் வெயிலில் வெதுவெதுவென்று இருந்தது.

"வீட்டுக்கு வர பயமா இருக்குட்டி" என்றார். "வாசல்ல யாராவது நிப்பாங்களோன்னு..."

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் 'பயம்' என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாம்பைக் கையால் பிடித்து ஓடையில் விட்டவர். அவர் ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன். உள்ளே முகம் நனைந்திருந்தது. வியர்வை என்றார். சரி, வியர்வை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல், நாங்களே வங்கிக்குப் போனோம்.

மேனேஜர் சின்னப் பெண். செங்கோட்டைப் பக்கம். எங்கள் ஃபைலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது – தொலைந்த ஆட்டைக் கண்ட மாதிரி.

"ஆன்ட்டி, உங்களை எத்தனை மாசமா தேடுதோம்! ஏன் ஒளிஞ்சிய? வந்து பேசியிருந்தா அன்னைக்கே வழி பண்ணியிருப்போம்லா?"

எதிரில் இருப்பவர் கோபப்படுவார் என்று எட்டு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அன்பாகப் பேசினால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கவில்லையே!

மக்கள் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புகிறேன், அங்கே நீதிபதி முன்னால் ஒரு தொகை பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். நல்ல சாரல். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

அப்போதுதான் பார்த்தேன். கேட் வழியாக, கையில் ஒரு மஞ்சள் பையோடு, பட்டுச்சேலையில்... என் சம்பந்தி!

சுரண்டை வேலம்மாள். என் மகளுடைய மாமியார். பெரிய பாத்திரக்கடைக்காரி. வீட்டுக்காரர் காலமான பிறகு ஒற்றை ஆளாய்க் கடையை நடத்துகிறவர். நிச்சயதார்த்தத்தன்று எல்லாரையும் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல கடன்ங்கிற வார்த்தையே கிடையாது" என்று சொன்னவர். இந்த உலகத்தில் யாருக்கு விஷயம் தெரியக்கூடாது என்று நான் ஒரு பட்டியல் போட்டிருந்தால், முதல் பெயர் அவர். இரண்டாவது பெயரே கிடையாது.

குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நடித்தேன். காலில்தான் இருந்தது.

"மதினி? இங்கன என்ன செய்திய?"

"நானா... இங்க நடக்கறதப் பாத்து ஒரு கட்டுரை எழுதலாம்னு... நீங்க?"

"எனக்கென்ன இங்க சோலி? எங்க சித்தி மகனுக்கு ஒரு கேஸு. துணைக்கு வந்தேன்."

"அவரு எங்க?"

"வந்துட்டே இருக்கான்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினோம்.

"நேரம் ஆவுதுல்லா மதினி, நீங்க கிளம்புங்க. நீங்க எழுதுற ஆளு, பாத்தது போதும்" என்றார் அவர்.

"நீங்க கிளம்புங்க மதினி. சுரண்டை பஸ் போயிரும்" என்றேன் நான்.

"அதுக்கென்ன, அடுத்த பஸ் இருக்கு."

இருவரும் அசையவில்லை. அப்போதுதான் மைக் அலறியது. மேலகரம், சண்முகையா, கோமதி, கடன் பாக்கி.

சம்பந்தி மெதுவாகத் திரும்பினார். "மதினி... உங்க பேரைல்லா சொல்லுதாவ?"

"மேலகரத்துல கோமதிக்கா பஞ்சம்? வேற யாராவது இருக்கும்."

"சண்முகையாவுமா?"

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கையில் டீ டம்ளரோடு என் வீட்டுக்காரர் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "ஏட்டி கோமதி! நம்மளத்தான் கூப்பிடுதாங்க! எந்தி!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நடந்தேன். அந்த இருபது அடி தூரத்தில் என் மகளின் வாழ்க்கை, என் மானம், இந்தப் பத்தி எல்லாம் போய்விட்டதாக நினைத்தேன். மூணாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிரவில்லை. மேனேஜர் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஏறியது இதுதான்: "சுரண்டை வேலம்மாள்... வங்கிக் கடன் பாக்கி... மூணாம் நம்பர் மேஜைக்கு வரவும்!"

நிமிர்ந்தேன். சம்பந்தி நாற்காலியில் சிலையாக இருந்தார். மறுபடி கூப்பிட்டார்கள். அசையவில்லை. மூன்றாவது தடவை மைக் பிடித்தவருக்குப் பொறுமை போய்விட்டது. "பாத்திரக்கடை வேலம்மாள்! இருக்கீங்களா, இல்லையா?"

வந்தார். மேஜைக்கு எதிரே காலியாக இருந்தது ஒரே நாற்காலி. என் பக்கத்தில். உட்கார்ந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"சித்தி மகன் வரலையா மதினி?" என்றேன். வாய் சும்மா இருக்காதே!

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிவிட்டேன். இல்லை... சிரிப்பு! அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. எனக்கும் பற்றிக்கொண்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. மேடையில் இருந்த நீதிபதி எட்டிப் பார்த்தார். "இந்த மேஜையில எல்லாரும் அழுதுதான் பாத்திருக்கேன். என்னம்மா விஷயம்?"

"சம்பந்திங்க அய்யா" என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மூச்சு வாங்கிய பிறகு சம்பந்தி சொன்னார்: "எல்லாம் உங்க ஏசி ரூம் பண்ணுன வேலை மதினி. வந்து தங்கிட்டுப் போனேம்லா? ரிட்டயர் ஆன மனுசன் இவ்வளவு கட்டுதாரு, நாம என்ன சும்மாவான்னு கடையில ரெண்டு மாடி ஏத்துனேன். கீழ்க்கடைக்கு வந்த கூட்டம் ஒண்ணுகூட மேல ஏறல."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த ஏசி ரூமே... சுரண்டைச் சம்பந்தி வந்தால் கௌரவமாகத் தங்க வேண்டும் என்று கட்டியது! அவர் தங்கியது ஒரே ஒரு நாள். காலையில் எழுந்து "கொசு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதற்குத்தான் எங்களுக்கு இத்தனை வட்டி ஏறிக்கிடந்தது.

இப்படி எத்தனை வீட்டில், யார் யாரைப் பார்த்து எதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

பேச்சு முடிந்தது. வட்டியில் பெரும்பகுதி தள்ளுபடி. கால் பங்கு உடனே, மீதி பத்துத் தவணையில். ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, பழைய வட்டி திரும்பி வந்து உட்காரும். கால் பங்குக்கு என் வளையல் நாலும் ஏற்கெனவே போய்விட்டன. மாடி ரூம்களை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண்களுக்கு மாத வாடகைக்கு விட்டாயிற்று. இறுக்கிப் பிடித்தால் கட்டிவிடலாம். வீடு எங்களுக்கு மிஞ்சும். சம்பந்திக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு; கடை அவருக்கு மிஞ்சும்.

"இன்னொரு விஷயம் சார்" என்றார் மேனேஜர் பெண், தயங்கியபடி. "இப்படி செட்டில் பண்ணுனா ஸ்கோர் அடிபடும். சில வருஷத்துக்கு எந்த பேங்க்லயும் உங்களுக்குக் கடன் கிடைக்காது."

"தாயி, இதைவிட நல்ல செய்தி உண்டுமா?" என்றார் இவர்.

கையெழுத்துப் போடும்போது மட்டும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேப்பரின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். போட்டு முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார், பல் பிடுங்கிக்கொண்ட சின்னப் பையன் மாதிரி.

வெளியே வந்ததும் போன் சத்தத்தை முழுசாக வைத்தார். உடனே அடித்தது. தெரியாத நம்பர்! எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, தெரியாத நம்பரை என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "சார், உங்களுக்கு பெர்சனல் லோன் ஆஃபர் ஒண்ணு இருக்கு..."

கோர்ட் வாசல் என்றுகூடப் பார்க்காமல் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு பண்ணினோம். மகளுக்குப் போன் போட்டு, நான் பாதி, சம்பந்தி பாதி என்று ஒப்பித்தோம்.

"எங்களுக்கு ஆறு மாசமா தெரியும்மா" என்றாள். "நீங்க ரெண்டு பேருமே போன் எடுக்கலன்னா பேங்க்ல யாரைக் கூப்பிடுவாங்க? ரெண்டு பேருமே எங்க நம்பரைத்தான கொடுத்திருக்கிய! காலையில அம்மாவுக்காகத் திட்டு, சாயங்காலம் அத்தைக்காகத் திட்டு. பேங்க்ல ஒரே பொண்ணுதான் ரெண்டுக்கும் பேசுதா. இப்ப அவ எங்களுக்கு ஃபிரண்ட் ஆயிட்டா."

"ஏன்ட்டி எங்ககிட்ட சொல்லல?"

"உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்லா?"

சம்பந்தி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. நாங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒளிந்திருந்தோம். பிள்ளைகளோ எங்களுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஐந்தருவிக்குப் போவமா?" என்றார் சம்பந்தி திடீரென்று. "தண்ணி நல்லா விழுதாம்."

மாற்றுத் துணி இல்லை. அதற்கென்ன? வழியில் கடையில் தொங்கிய நைட்டி இரண்டு, துண்டு இரண்டு. பட்டுச்சேலைக்காரி வேலம்மாள், பூப்போட்ட நைட்டியில் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண்கள் பக்கம் வரிசையில் நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் போனார். தலை குனிந்து, வாயைத் திறந்து என்னவோ கத்தினார். அருவிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பல் கிடுகிடுக்க வெளியே வந்ததும் கேட்டேன், என்ன கத்தினீர்கள் என்று.

"கடன் எவ்வளவுன்னு கத்துனேன் மதினி... மொத்தத் தொகையையும்! எவ்வளவு நாளா நெஞ்சுக்குள்ள கெடந்துது! ஒருத்தருக்கும் கேக்கல, பாத்தியளா? நீங்களும் போயி கத்துங்க!"

போனேன். தண்ணீர் தலையில் பாறாங்கல்லாக இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழிய, லட்சத்தில் ஆரம்பித்து சில்லறை வரைக்கும் கத்தினேன்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் காதருகே வந்து சொன்னார்: "எங்களுக்கு இதைவிட ரெண்டு லட்சம் கூடம்மா!"