பூங்காவுக்குள் எட்டு வளவு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்று எவராவது கேட்டால், கேட்டு முடிவதற்குள் முடியும் என்று சொல்லிவிடுவேன். என்ன காரியம் என்று யோசிப்பது அதற்குப் பிறகுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் இருந்த பூங்கா என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

பூங்கா என்பது மரியாதைக்குச் சொல்வது. யாழ்ப்பாணத்தில், அரியாலைக்கும் கொழும்புத்துறைக்கும் இடையில் மாநகரசபைக்குச் சொந்தமாக ஐந்தாறு பரப்புக் காணி. அதில் முதுகு உடைந்த இரண்டு சீமெந்து இருக்கைகள், சங்கிலி இல்லாத ஓர் ஊஞ்சல் சட்டம், ஒரு கிணறு, கடைக்கோடியில் ஒரு முருங்கை. முன்பு சபையின் பவுசர் வண்டி வந்து பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுமாம். போரில் வந்த எரிபொருள் தடையோடு பவுசரும் நின்றது, கன்றுகளும் போயின. மிஞ்சியவற்றை அயலில் உள்ள ஆடுகள் பொறுப்பேற்றுக்கொண்டன.

பள்ளிக்கூடத்திலோ கால் வைக்க இடமில்லை. காலையில் நாங்கள், பின்னேரம் தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இன்னொரு பள்ளிக்கூடம். எங்கள் விளையாட்டு மைதானத்தில் அவர்களுக்கு ஓலைக் கொட்டில் போட்டதில், இரண்டு பகுதிப் பிள்ளைகளுக்கும் ஓடித் திரிவதற்கு அந்த ஆட்டுக் காணியை விட்டால் வேறு இடமில்லை. அதையும் சபை எடுத்து, ஓடாத தன் வண்டிகளை நிறுத்தப்போகிறது என்று கதை வந்தது. அதைத் தோட்டமாக்கிக் காட்டினால் விடுவார்களாம், உம்மால் முடியுமா என்று அதிபர் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

சபையின் சார்பில் வந்தவர் வேலைப்பகுதி மேற்பார்வையாளர். பனை உயரம். வெயிலோ மழையோ, சைக்கிள் கைபிடியில் ஒரு கறுப்புக் குடை தொங்கும். சந்தையில் அழுகும் மரக்கறிக் கழிவைச் சபை கிழமைக்கு ஒருமுறை மாட்டு வண்டிலில் அனுப்பும், தோட்டத்தைப் பள்ளிக்கூடம் பார்க்கும், தை மாதம் தான் வந்து பார்வையிடுவேன் என்று பேசி முடித்தார். எழுந்து போகும்போதுதான் அவருடைய பயம் வெளியே வந்தது.

"இடத்தைத் தாறன் ரீச்சர். ஆனா இது சனத்தின்ரை இடம். வேலியைப் போட்டு உங்கடை ஆக்கிப்போடாதையுங்கோ. அப்பிடிக் கண்டால் அண்டைக்கே திருப்பி எடுப்பன்."

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்று இருபது வருட உத்தியோகம் அவருக்குப் படிப்பித்திருந்தது. பூங்காவுக்குள் எந்த விசரன் வேலி போடுவான் என்று நான் சிரித்தேன்.

வேலை தொடங்கியது. யூரியா கண்ணில் காணக் கிடைக்காத காலம். ஆகவே பூவரசங் குழையை வெட்டி மண்ணுக்குள் தாட்டோம். கொடிகாமத்து வாழைக்குலைத் தண்டு முதல் யாரும் வாங்காத முட்டைக்கோவா வரை சபை வண்டில் கொண்டு வந்து கொட்டியதைக் குழியில் போட்டுப் பனையோலையால் மூடினோம். முதல் கிழமை நாற்றம் தாங்க முடியவில்லை என்று அயலார் அதிபரிடம் முறைப்பாடு கொடுத்தார்கள். ஆறாம் கிழமை அதே அயலார் பனையோலைக் கடகத்தோடு வந்து, தங்கள் கத்தரிக்கும் அந்தப் பசளையில் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டார்கள். மூக்குக்கு ஒரு நியாயம், கத்தரிக்கு ஒரு நியாயம்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகுதான் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். தோட்டத்தை எட்டுப் பாத்திகளாகப் பிரித்து, காலைப் பிள்ளைகளின் நான்கு வகுப்புக்கு நான்கு, பின்னேரப் பிள்ளைகளுக்கு நான்கு என்று கொடுத்தேன். நல்ல பாத்திக்குப் பரிசு என்றும் அறிவித்தேன். யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, இது உன்னுடையது என்று சொன்னால் அவன் முதலில் நடுவது கத்தரி அல்ல என்பது, இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதாம் வகுப்பின் பாத்தியைச் சுற்றிக் கிளுவங் கதியால்கள், வேர்விட்டு வேலியாகும் தடிகள், நடப்பட்டிருந்தன. ஆட்டுக்குப் பயந்து என்றார்கள். சரி, நியாயம் என்று விட்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் எட்டுப் பாத்திக்கும் வேலி வந்துவிட்டது. ஓலை அடைப்பு, உள்ளே போக முழங்கால் உயரத்தில் ஒரு படலை, அதைக் கட்ட ஒரு கயிறு. ஐப்பசி மழை வேறு நேரம் பார்த்துப் பெய்தது. உள்ளே கத்தரிக்கன்று இரண்டாம் இலைக்குத் தவம் கிடக்க, வேலிக் கதியால் ஒவ்வொன்றும் துளிர்த்துத் தழைத்து நின்றது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டது அப்போதுதான்.

பிறகு வழக்குகள் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பு ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டது என்று எட்டாம் வகுப்பு எழுத்தில் முறையிட்டது. அதில் 'மேற்படி எல்லை' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. வீட்டில் எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாட்சி யார் என்று கேட்டால், அதே வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னுக்கு வரும். வேலிக்கு ஓணான் சாட்சி. ஒரு தகப்பன் கயிறும் கையுமாக வந்து, தான் அளந்து தருகிறேன், பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வேண்டாம் என்றார். அவர் அளந்துவிட்டுப் போன பிறகு மனக்கசப்பு இரட்டிப்பானது.

நான் எல்லோரையும் ஏசினேன். சனத்தின் பூங்காவில் இது என்ன வெட்கக்கேடு என்று ஒன்றுகூடலில் கால் மணி நேரம் முழங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். என் வகுப்பு எட்டாம் வகுப்பு. என் கணிப்பிலும் எங்களுக்கு ஒரு சாண் குறைந்துதான் இருந்தது.

ஒரு நாள் மாலை, பின்னேரப் பள்ளிக்கூடமும் விட்டு எல்லோரும் போன பிறகு, சைக்கிளை ஊஞ்சல் சட்டத்தில் சாத்திவிட்டு உள்ளே போனேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பின் எல்லையில் நின்ற முதல் கதியாலைப் பிடுங்கினேன். வேர் விட்டிருந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டாவதைப் பிடித்து ஆட்டும்போது, எங்கள் பாத்தியின் மற்றப் பக்கத்தில், பின்னேரப் பிள்ளைகளின் பாத்தியை ஒட்டிய வேலியில், எவரோ மூச்சு வாங்குவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்னேரப் பள்ளிக்கூடத்தின் சமூகக்கல்வி ரீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கும் அடக்கமான மனிசி. அவருடைய கையிலும் ஒரு கதியால்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். அவர்தான் முதலில் பேசினார்.

"எங்கடை ஊரிலை எல்லாம் கல்வேலி, ரீச்சர். தள்ளுறது பெரிய கரைச்சல். இது சுகமாக் கிடக்கு."

அப்போது சிரிக்கத் தொடங்கியவர்கள், உடைந்த சீமெந்து இருக்கையில் போய் இருந்து வயிறு நோகுமட்டும் சிரித்தோம். பிடுங்கியதை அந்தந்த இடத்தில் நட்டுவிட்டுத்தான் வீடு போனோம். எனக்கு என்றுமே கிடைக்காத ஒரு மூத்த சகோதரி அன்று கிடைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிப்பு அடுத்த நாளோடு போயிற்று. தை பிறந்திருந்தது; மேற்பார்வையாளர் மூன்று நாளில் வருகிறார் என்று சபையிலிருந்து கடிதம் வந்தது. அவர் ஒரு வேலிக்குப் பயந்த மனிதன். எட்டு வேலியைக் கண்டால், பிள்ளைகளின் இடம் போய் வண்டிக் கொட்டகை வருவது நிச்சயம். எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்று கட்டளை போட்டேன். காலைப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார்கள். பின்னேரம் நானே நின்று சொன்னேன். அந்தப் பக்கத்துக் கடைசிப் பாத்தி ஆறாம் வகுப்புடையது. அதன் படலையைப் பிடித்தபடி ஒரு சிறுமி அசையாமல் நின்றாள். இரண்டு சொல் கடுமையாகவும் சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை.

"இதையும் விட்டிட்டுப் போகவேணுமோ, ரீச்சர்?"

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளும் எட்டு வேலியையும் ஒரே பைத்தியம் என்று எண்ணிய என் தலையில் நாலு குட்டுக் குட்ட வேண்டும் போலிருந்தது. சமூகக்கல்வி ரீச்சரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலி நிற்கட்டும், பொட்டு வைப்போம் என்றார்.

எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்காரர் நல்ல உறவென்றால் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. கறிவேப்பிலையும் பிள்ளைகளும் அதனூடாகத்தான் போய் வருவார்கள். இரண்டு நாளில் எட்டு வேலியிலும் ஓலையை வெட்டிப் பொட்டு வைத்தோம். முதல் பாத்தியில் நுழைந்தால் கடைசிப் பாத்தியில் வெளியே வரலாம். படலைக் கயிறுகளையும் அவிழ்த்தோம். ஆற்றை வளவு, எவருடைய காணி என்று கேட்டால் பொது என்று சொல்லவேண்டும் என எட்டு வகுப்பையும் மனப்பாடம் பண்ண வைத்தேன். ஏழு வகுப்பு நன்றாகச் சொன்னது.

மேற்பார்வையாளர் வந்தார். வேலிகளைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பொட்டில் குனிந்தார். எங்கள் பிள்ளைகளின் உயரத்துக்கு வெட்டிய பொட்டுகள் அவை. அந்த மனிதர் எட்டுத் தரம் குனிந்து எட்டுத் தரம் நிமிர்ந்தார். வழியில் அவர் கேட்ட பிள்ளைகள் எல்லோரும் பொது, பொது என்றார்கள். கடைசிப் பாத்தியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவருக்கு முன்னால் நின்றது அந்தச் சிறுமி.

"இது ஆற்றை வளவு, பிள்ளை?"

"எங்கடை."

பின்னால் சமூகக்கல்வி ரீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். மேற்பார்வையாளர் குறிப்புப் புத்தகத்தை வெளியே எடுத்தார். அவர் பேனையைத் திறப்பதற்குள், அவள் ஒரு சாக்கை உதறி முருங்கை நிழலில் விரித்தாள்.

"வந்தனீங்கள் நிண்டுகொண்டே நிக்கிறது? இருங்கோ. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். பிறகு அந்த நீளக் காலை மடக்கி இருந்தார். அவள் கிணற்றடிக்கு ஓடினாள். அப்போதுதான் சமூகக்கல்வி ரீச்சர் என் காதுக்குள் சொன்னார்: அவளுடைய குடும்பம் ஒரு கோயில் மண்டபத்தில் பத்துக் குடும்பத்தோடு, நடுவில் ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. வருகிற ஒருவரை இருங்கோ என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லாமல் போய் இரண்டு வருடம். கத்தரிக்கன்றில் புழு பார்ப்பது போலத் திரும்பி நின்றேன்.

மேற்பார்வையாளர் தண்ணீரைக் கடைசி மிடறு வரை குடித்தார். கத்தரி எத்தனை காய்த்தது என்று விசாரித்தார். புத்தகத்தில் ஒன்றும் எழுதாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். வெளியே சைக்கிளை எடுக்கும்போதுதான் என்னோடு கதைத்தார்.

"வேலியள் நிக்கட்டும், ரீச்சர். நான் காணேல்லை."

அவரை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினேன். சிறுமி சாக்கை எடுத்துத் தட்டி, நாலாய் மடித்து, அடுத்து வருகிறவருக்காக முருங்கைக் கிளையில் போட்டுக்கொண்டிருந்தாள்.