உதயகலா கையொப்பம் வைக்காத வரைபடம்

எங்கள் கட்டடத் திணைக்களக் கந்தோரில் இருபத்தெட்டு வருடமாகப் படவரைஞராக இருக்கும் உதயகலா அக்கா, ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் கையொப்பம் வைக்கவில்லை. அதைச் சொல்லிச் சிலர் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பத்திக்கொண்டுதான் வருகிறது.

பள்ளிக்கூடம், தபாற்கந்தோர், சந்தைக் கொட்டகை என்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவர் கோடு கீறாத அரச கட்டடம் குறைவு. புது வேலை வந்தால் முதலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காணிக்குப் போவார். வாடைக்காற்று மழையை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று அயலில் விசாரிப்பார். பிறகுதான் கணினியைத் திறப்பார்.

அச்சுவேலிக்கு அங்கால் ஒரு கிராமத்துக்குத் தாய்சேய் கிளினிக் கட்ட உத்தரவு வந்தது. அங்குள்ள மருத்துவமாது இராசமலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி, முன்னுக்கு ஒரு நீட்டு விறாந்தை போட்டுத் தாரும். செவ்வாய்க்கிழமையிலை எழுபது தாய்மார் வருவினம். உள்ளுக்கை இருபது பேர்தான் இருக்கலாம்."

அக்கா பத்தடி அகலத்தில் விறாந்தை கீறினார். மழைச் சாரல் உள்ளே வராதபடி கூரையைத் தாழ்த்தி, சுவரோரம் தாய்மார் இருக்க நீட்டு வாங்கும் போட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் ஒரு குழு கூடி, அரச கட்டடங்களுக்கு இனி ஒரு தேசியப் பாணி வேண்டும் என்று முடிவெடுத்தது. மாதிரிப் படம் வந்தது. சிங்கள அரசர் காலத்து இரட்டைத் தட்டுக் கண்டிக் கூரை, உயர்ந்த தூண்கள், நடுவில் படிகள். விறாந்தை முகப்பை மறைக்கிறது, நீக்கவும் என்று ஒரு குறிப்பு.

ஊரில் கூட்டம் வைத்தார்கள். அபிவிருத்திச் சங்கத் தலைவர் தில்லைநாதன் எழும்பி, "கண்டிக் கூரை எங்கடை ஊருக்கு எதுக்கு?" என்று கேட்டபோது அக்காவின் முகம் மலர்ந்தது. பாவம், தலைவர் விறாந்தையைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்துவிட்டார். தில்லைநாதன் கேட்டது கோபுர வளைவும் அதன்மேல் சீமெந்தில் ஒரு யாழும்.

அக்கா பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "ஐயா, கூரை உங்கடை பாணியோ அவையின்ரை பாணியோ, எனக்கு ஒண்டுதான். கைப்பிள்ளையோடை வாற பொம்பிளை மழைக்கு எங்கை நிக்கிறது?"

"பிள்ளை, நாங்கள் இஞ்சை இனத்தின்ரை அடையாளத்தைப் பற்றிக் கதைக்கிறம். நீர் தாவாரத்தைப் பற்றிக் கதைக்கிறீர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் நிற்கிறது. தேசம் என்றும் இனம் என்றும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களின் கணக்கில், அந்தத் தாய்மார் எதில்தான் சேர்த்தி?

மூன்று மாதம் கடிதம் மாறி மாறிப் போனது. கடைசியில் சமரசம். மேலே கண்டிக் கூரை, அதன் கீழே சீமெந்து யாழ். விறாந்தை இரண்டையும் மறைக்கும் என்பதில் மட்டும் இரு பகுதிக்கும் முதல் நாளிலிருந்தே ஒற்றுமை.

உத்தரவை மீற முடியாது. அக்கா சொன்னபடியே கீறினார். ஆனால் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். பொறியியலாளர் சத்தம் போட்டுப் பார்த்தார், பிறகு தானே ஒரு கையொப்பத்தைப் போட்டு அனுப்பினார்.

கட்டடம் எழும்பி, கிளினிக்கும் தொடங்கியது. கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை வாடை மழை அடித்து ஊற்றியது. இராசமலர் தொலைபேசியில் அழுதார். அக்கா அரை நாள் லீவு போட்டு, வீட்டில் நெல் காயவிடும் பெரிய படங்குச் சீலையைச் சுருட்டி ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். அழகான அந்தப் படிகளில் தாய்மார் சேலைத் தலைப்பால் பிள்ளைகளை மூடிக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள். தூணுக்குத் தூண் படங்கை இழுத்துக் கட்டினோம். யாழும் மறைந்தது, கூரையில் பாதியும் மறைந்தது. தாய்மார் அதன் கீழ் வந்து ஒதுங்கினார்கள்.

பத்து நாளில் இரண்டு கடிதங்கள். தேசியப் பாணி மறைக்கப்படுகிறது, படங்கை அகற்றவும் என்றது கொழும்பு. யாழ் மறைக்கப்படுகிறது, அகற்றவும் என்றது சங்கம்.

அக்கா இரண்டையும் வாசித்தார். கணினியைத் திறந்து அந்தப் படங்கை அளவுப்படி கீறினார். கயிறு, முடிச்சு, சரிவு, காற்று வரும் திசை எல்லாம் இருந்தது. அச்சடித்த இரண்டு பிரதிகளிலும் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரை எழுதிக் கையொப்பம் வைத்து, இரண்டு பேருக்கும் தபாலில் சேர்த்தார்.

"இப்ப வரட்டும்," என்றார். "ஆர் வந்து அவிழ்க்கினம் எண்டு பாப்பம்."