பதினெட்டு மில்லிப் பலகை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பலகைத் துண்டை அளந்தது. சனிக்கிழமை காலை, சமையலறை மேசை. அம்மா துண்டைப் பிடித்துக்கொண்டாள். நான் வெர்னியர் அளவுகோலை வைத்து எண்ணைச் சொன்னேன்.

"எவ்வளவு?"

"பதினெட்டு மில்லி."

"சரியாப் பாத்துச் சொல்லுடி."

"பதினெட்டு புள்ளி ரெண்டு. போதுமா?"

"அந்த முனையிலயும் பாரு."

அங்கும் அதேதான். என் இன்னொரு கையில் ஃபோன் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு துண்டைத் துணிப்பையில் போட்டுவிட்டு, "டீ ஆறிடுச்சே, சூடு பண்ணவா?" என்றாள். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டாள்.

அம்மா முப்பத்தோரு வருஷம் ஒரு சுங்க ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தாள். கப்பலில் வந்து இறங்குகிற எந்தச் சாமானுக்கும் சுங்க அட்டவணையில் ஓர் எண் உண்டு. எவ்வளவு தீர்வை என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. எண்ணைத் தீர்மானிப்பது அவள் வேலை. அவளிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் மரம். வெறுமனே அறுத்த மரத்துக்கு ஓர் எண். கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று கட்டடத்தில் போய்ச் சேரும் மரவேலைக்கு வேறு எண். மேசை, அலமாரி என்றால் அத்தியாயமே வேறு. ஒரே மில்லில் அறுத்த ஒரே மரமாகக்கூட இருக்கும். அது என்னவாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

அவளுக்கு ஒரு வழக்கம். தொட்டுப் பார்க்காத சரக்குக்கு எண் போடமாட்டாள். கிடங்குக்கே போய், முனையை நகத்தால் கீறி, முகர்ந்து பார்ப்பாள். சுமை இறக்குகிறவர்கள் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மூக்கு மேடம் வராங்க, எல்லாரும் வேர்வையத் தொடைங்கப்பா" என்று ஒருவர் குரல் கொடுப்பாராம். "உனக்கெல்லாம் கிட்ட வரணுமா? கேட்டுல இருந்தே எண் போட்டுடுவேன்" என்பாளாம் இவள்.

புதுச் சரக்கு வந்தால் அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, முனையில் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதி அடுக்கி வைப்பாள். ஆபீசில் இடம் போதாமல் பாதி வீட்டுக்கு வந்தது. அப்பா இருந்த காலத்தில், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அதில் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நான் கட்டடப் பொறியாளர். அதில் அவளுக்குப் பெருமை. இரும்பும் கான்கிரீட்டும்தான் என் வேலை என்றாலும், மரத்தைப் பற்றி என்னிடம் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு வாரம் முன்னால், கதவு ஜன்னல் விற்கிற கடைக்காரர் ஒருவருக்கு ஒரு கன்டெய்னர் வந்தது. ஏலத்தில் எடுத்த கலப்புச் சரக்கு. அனுப்பியவர் கொடுத்த பட்டியலில் 'துளையிட்ட மரப் பலகை' என்று மட்டும் இருந்தது. "கட்டடச் சாமான்தான் மேடம், நான் வேற என்னத்த விக்கிறேன்?" என்றாராம் கடைக்காரர். அன்று நல்ல மழை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கிடங்குக்குப் போகவில்லை. பட்டியலோடு வந்த ஃபோட்டோவை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். நான் சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஓரம் உருட்டியிருக்கு. ரெண்டு முனையிலயும் துளை. என்னடி அது?"

"படிக்கட்டுப் பலகைம்மா. கால் இடிக்காம இருக்கத்தான் ஓரத்த உருட்டியிருக்கான்."

"நிச்சயமா?"

"சந்தேகமே இல்ல. வைக்கிறேன்மா, லாரி வந்துடுச்சு."

"சரி கண்ணு. நீ சொன்னா சரி."

அந்த ஃபோட்டோவில் அளவு தெரிய எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு பேனாகூட இல்லை. தடிமன் என்ன என்று நான் கேட்கவில்லை. முதல் வருஷ மாணவன்கூடக் கேட்பான். என் பேச்சை நம்பி, அம்மா முதல்முறையாகத் தொடாத சரக்குக்கு எண் போட்டாள். சுங்கத்தில் பெட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். அவள் கையெழுத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

மற்றதெல்லாம் அவள் போன பிறகுதான் தெரிந்தது. ஆபீஸ் கிளார்க் மாமா அவள் மேசையில் இருந்ததை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். மூக்குக் கண்ணாடி, இரும்பு அடிக்கோல், அந்தத் துணிப்பை. பைக்குள் பலகைத் துண்டும் சுங்க அதிகாரிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் இரண்டு பிரதிகளும் இருந்தன.

'மேற்படி பலகைகள் படிக்கட்டுக்கானவை அல்ல. புத்தக அலமாரித் தட்டுகள். தடிமன் 18.2 மி.மீ., இரு முனையிலும் அளந்தது. சரக்கைப் பார்க்காமல் வகைப்படுத்திவிட்டேன். தவறு என்னுடையது. திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.'

படிக்கட்டு என்று சொன்னவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"வழக்கம்போல துண்டு வாங்கக் கடைக்குப் போயிருக்காங்க பாப்பா" என்றார் மாமா. "அங்க அது அலமாரியா நிக்குது. 'படிக்கட்டுன்னுதான் நெனச்சேன் மேடம், ஏறிப் பாத்தேன், வளைஞ்சுடுச்சு'ன்னு கடைக்காரர் சிரிக்கிறாராம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே மாமா."

"எம் பொண்ணு கையால அளந்தது, அளவு தப்பாதுன்னாங்க. உன்னப் பத்தி அவ்வளவுதான் என்கிட்டயும் சொன்னாங்க."

கால் வைக்கிற பலகை அந்த நீளத்துக்கு நாற்பது மில்லியாவது இருக்க வேண்டும். பதினெட்டு என்று என் வாயாலேயே இரண்டு முறை சொன்னேன். நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அம்மா காத்திருந்தாளா, இல்லை, அவளுக்கு வேண்டியது அளவு மட்டும்தானா? தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

மாமா குரலைத் தாழ்த்தினார். "விட்டுடலாம் பாப்பா. யாரும் கேக்கல, கேக்கப் போறதும் இல்ல. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தப்பு இல்ல அவங்க பேர்ல. நாமளே போய் எழுதிக் குடுக்கணுமா?"

"அம்மா ஏன் இன்னும் குடுக்கல?"

"தபால்ல போட மாட்டேன்னுட்டாங்க. அதிகாரி முகத்தப் பாத்துச் சொல்லணுமாம். மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யல. நான் கூட வரேன்னேன். 'நீங்க ஏறுறதுக்கே ஆள் வேணும், என் பொண்ணு வியாழக்கிழமை வருவா'ன்னாங்க."

துண்டை அளந்த சனிக்கிழமைக்கு அடுத்து வந்த புதன்கிழமை மாலை அம்மா ஃபோன் செய்திருந்தாள். "நாளைக்கு ஒரு மணி நேரம் என்கூட வரியாடி? மாடி ஏறணும்." எந்த மாடி, எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றேன். "சரி கண்ணு" என்றாள். படிக்கட்டுப் பலகை என்று நான் சொன்ன அன்றும் இதே வார்த்தைதான்.

மாமா போன பிறகு ஒரு தாள் எடுத்து எழுதினேன். 'தடிமன் கேட்காமல் படிக்கட்டுப் பலகை என்று சொன்னது நான். அவர் என்னை நம்பினார். இப்படிக்கு, அவருடைய மகள், கட்டடப் பொறியாளர்.' அதை அவள் கடிதத்துக்குப் பின்னால் வைத்து கிளிப் போட்டேன். ஒரு பிரதி அதிகாரிக்கு. இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வர வேண்டும். அதற்காகத் தாளின் கீழே கட்டம் போட்டுவைத்திருக்கிறாள்.

துண்டின் முனையில் பழைய எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டுப் புது எண் எழுதியிருக்கிறாள். பக்கத்தில் தேதிக்கு இடம் விட்டிருக்கிறாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து எழுதலாம் என்று.