பதிவிட்ட பின் படிப்பவர்

“டார்ச் லைட்டு அடிக்கறதுக்கு என் மாமியார் நம்பர் எதுக்குப்பா ஒனக்கு? லைட்டு அடிச்சி அவங்களையா தேடப் போறே?” என்று தறிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த போனைப் பார்த்து அதட்டுகிறார் கலியாணசுந்தரம். அவர் சொல்லச் சொல்லப் போன் அதை எழுத்தாக்கிக்கொண்டே போகிறது. புள்ளி, கேள்விக்குறி எதுவும் கிடையாது. சொல்லி முடித்ததும் சுண்டுவிரல் முட்டியால் திரையில் ஒரு தட்டு. கருத்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஏதோ ஒரு டார்ச் செயலி ஆட்களின் போன் நம்பரையெல்லாம் அள்ளுகிறது என்ற செய்திக்குக் கீழே, ‘காஞ்சி சுந்தர்’ என்ற பெயரில். இன்னும் ஒரு மணி நேரத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேர் அதற்குச் சிரிப்பார்கள்.

முட்டியால் தட்டுவதற்குக் காரணம் உண்டு. கலியாணசுந்தரத்தின் தொழில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, பிணைப்பது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்தால்தான் அடுத்த சேலையைத் தொடங்க முடியும். நாலாயிரத்துச் சொச்சம் பட்டிழை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான். விரலெல்லாம் சாம்பல் அப்பியிருப்பதால் போன் அந்த விரல்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனவே எழுதுவதற்கு வாய், அனுப்புவதற்கு முட்டி.

ஐம்பத்தொரு வயதில் இத்தனை இருப்புக்கொள்ளாத மனிதரைப் பார்ப்பது அபூர்வம். இழை முறுக்கும் விரல்கள் மட்டும் நிதானமாக இருக்கும். மற்றபடி முழங்கால் ஆடும், கழுத்து திரும்பும், இருபது இழைக்கு ஒருமுறை கண் போனுக்கு ஓடும். யாராவது பதில் போட்டார்களா, யாராவது திட்டினார்களா? திட்டியிருந்தால் அவருக்கு அன்றைக்கு இரட்டைக் கூலி கிடைத்த சந்தோஷம். செய்தியில் தலைப்பை மட்டும்தான் படிப்பார். உள்ளே போய்ப் படித்தால் வேகம் குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

பேருந்து நிலையத்தில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கேமரா வருகிறது என்று ஒரு செய்தி. அதற்கு இவர்: “கேமரா வெக்கறது சரிப்பா. அத உள்ள குந்திக்கினு பாக்கறானே, அவன் இன்னா பாக்கறான்னு பாக்க ஒரு கேமரா வெச்சியா?” கடையில் பல்பொடி வாங்கினாலும் போன் நம்பர் கேட்கிறார்கள் என்ற செய்திக்கு: “பல்லு என்னுது பொடி ஒன்னுது நடுவுல நம்பர் எதுக்கு?” செயலிகளின் நிபந்தனைகளைப் பற்றி ஒருமுறை பொங்கியே விட்டார். “நாப்பது பக்கம் இங்கிலீஷ்ல எழுதிட்டு கீழ சம்மதம்னு ஒரே பட்டன். எங்க ஊர்ல கல்யாணம் பேசினா பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை கேக்கறோம்யா!” இதை அவர் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டியபோது, அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி பட்டம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டார்: “என்னிய எவன் கேட்டான்?” அந்தக் கேள்விக்கு மட்டும் காஞ்சி சுந்தர் இன்றுவரை பதில் போடவில்லை.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, கருத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சிச் செய்தியாளர் மாதிரி தான் இருக்கும் இடத்தைச் சொல்லித்தான் தொடங்குவார். இன்ன தெரு, இன்னார் வீட்டிலிருந்து காஞ்சி சுந்தர். ஊருக்கெல்லாம் அந்தரங்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர், தான் உட்கார்ந்திருக்கும் வீட்டை நாலு பேருக்குச் சொல்கிறோமே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டாவது, அனுப்புவதற்கு முன்னால் படிக்க மாட்டார். வேலை முடித்துக் கை கழுவி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் படிப்பார். யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி தொடையில் தட்டிக்கொண்டு ரசிப்பார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒரு விஷயத்தில் கல். தறி ஓடும் வீட்டில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பிணைப்பு நாளில்தான் தறி வாய் மூடியிருக்கும். மாதக்கணக்கில் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் வீட்டார் அன்றைக்குத்தான் பேசுவார்கள். பிணைக்கிறவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தறிக்கட்டையோடு கட்டையாகத்தான் எண்ணுவார்கள். எந்த வீட்டுப் பெண் எவரைக் கட்டிக்கொள்ள அழுகிறாள், எந்தப் பிள்ளை எதற்காக வீட்டைவிட்டுப் போனான் என்று நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துச் சங்கதி பாதி அவர் காதில் கிடக்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு சொல் வெளியே போனதில்லை. பட்டம்மாளிடமே சொன்னதில்லை. யாராவது வாயைக் கிளறினால், “எனக்கு இழைதான்பா தெரியும்” என்று எழுந்து போய்விடுவார். பெருமை என்று அவருக்கு ஒன்று இருந்தால் அது இதுதான்.

போன செவ்வாய்க்கிழமை நெசவாளி வீரபாகு வீட்டில் பிணைப்பு. முதலாளி தர்மன் கூலிக்கு நெய்யக் கொடுத்த கல்யாணச் சேலைப் பாவு. பாதி முடிந்திருந்தது. போனில் சுடச்சுட ஒரு தலைப்பு: நம் பேச்சைப் போன் ஒட்டுக் கேட்கிறதா? சும்மா இருப்பாரா? முட்டியால் மைக்கைத் தட்டிவிட்டுத் தொடங்கினார். அதற்குள் ஓர் இழை அறுந்து உள்ளே ஓடிவிட்டது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடினார். மைக் ஓடுவது மறந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து வீரபாகுவின் மனைவி நீலாம்பாள் புருஷனிடம் பேசத் தொடங்கினார். தொழில் மரியாதைப்படி கலியாணசுந்தரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இழை அகப்பட்டது. முறுக்கினார். நிமிர்ந்த வேகத்தில் முட்டியால் ஒரு தட்டு.

சாயங்காலம் டீக்கடையில் படித்தார்.

“பிள்ளையார்பாளையம் வீரபாகு அண்ணன் வூட்லேர்ந்து காஞ்சி சுந்தர் போன் கேக்குதான்னு கேக்கறியே அது கேக்காம இன்னா பண்ணும் காதே அதுக்குத்தான் இன்னாங்க இந்தப் பாவு முடிஞ்சதும் கண்ணு ஆஸ்பத்திரிக்கு போயிடலாம் வலது கண்ணு சுத்தமா தெரியலன்னு தர்மன் மொதலாளிக்கு தெரிஞ்சா கல்யாணப் பாவு கொடுப்பாரா நான் பக்கத்துல நின்னுக்கினு கரை பாத்து சொல்றதுனாலதான் ஓடுது எத்தினி நாளைக்கு மறைக்கறது”

கீழே முப்பத்தொரு விருப்பம். “செம உதாரணம் அண்ணா, இப்படித்தான் ஒட்டுக் கேக்கறானுங்க” என்று ஒருவர். “வசனம் பிரமாதம், நிஜ வீடு மாதிரியே இருக்கு” என்று இன்னொருவர். அவருக்கு வாழ்க்கையில் இத்தனை பாராட்டு வந்ததில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தர்மன் முதலாளி இவருடைய வாசகர். “ஒன் கமெண்ட்டு படிச்சேன்யா” என்று பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார், படித்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரலும் போடுவார். கண் போன நெசவாளியிடம் எந்த முதலாளி கல்யாணப் பாவை விட்டுவைப்பார்? நாளைக் காலையே ஆளை அனுப்பிச் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லலாம். இன்னும் அந்தக் கட்டைவிரல் வரவில்லை.

அழிப்பதற்குப் பொத்தானைத் தேடினார். மற்றவர் கருத்தைப் புகார் சொல்லப் பொத்தான் இருந்தது. தன்னுடையதை அழிக்க எதுவும் இல்லை. அழிக்கச் சொல்லும் உரிமை நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறார்! அந்த உரிமையைக் கேட்டு மின்னஞ்சல் எழுதினார். உடனே பதில் வந்தது: ஏழு வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும். தன் கருத்து ஆபாசமானது என்று தானே புகார் கொடுத்தார். பட்டம்மாள் போனிலிருந்தும் கொடுத்தார். அப்புறம் புத்தி கெட்டுப்போய், “மேல இருக்கற கமெண்ட்ட யாரும் படிக்காதீங்கப்பா” என்று இன்னொன்று போட்டார். அரை மணியில் விருப்பம் தொண்ணூறைத் தாண்டியது.

“இன்னாங்க ஆச்சி ஒங்களுக்கு? வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துக்கினே இருக்கீங்க?” என்றார் பட்டம்மாள். வாயைத் திறந்தார். சொன்னால் அது இன்னொரு காதுக்குப் போகும். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே வீரபாகு வீட்டு வாசலில் நின்றார். பாதிப் பிணைத்த பாவு அப்படியே கிடந்தது.

“அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சி.”

“பாவு அறுந்துச்சா?” வீரபாகு துள்ளி எழுந்தார்.

“அது இல்லண்ணே. அறுந்திருந்தா நான் சேத்துருப்பேன்.”

போனை நீட்டினார். வீரபாகு வாங்கி, முகத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எழுத்து பிடிபடவில்லை. “நீயே படி” என்று திருப்பிக் கொடுத்தார்.

படித்தார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே மூச்சில் படித்தார். வலது கண் என்ற இடம் வந்ததும் அடுப்படியிலிருந்து வந்த நீலாம்பாள் கரண்டியோடு நின்றுவிட்டார்.

“பல்பொடிக்கு ஒன் நம்பர் கொடுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் பேசறியே,” என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். “எங்க வூட்டு அட்ரசு போட்டு இவரு கண்ண எடுத்துக் கொடுத்துட்டியே சுந்தரம். ஒன்ன வெளி ஆளுன்னா நெனச்சோம்? எங்கள்ல ஒருத்தன்னுதானே முன்னாடி குந்திக்கினு பேசினோம்.”

கலியாணசுந்தரம் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தலை குனிந்து நின்றார். கால்கூட ஆடவில்லை.

வீரபாகு பாதிப் பிணைத்த இழைகளை விரலால் தடவிப் பார்த்தார். “தர்மன் மொதலாளி பாத்துட்டாரா?”

“தெரியலண்ணே. பாத்தா கட்டைவிரல் போடுவாரு. இன்னும் போடல.”

“அப்ப நானே சொல்லிடறேன். அதுல படிச்சி தெரிஞ்சிக்கறதவிட எங்கிட்ட கேக்கட்டும். நம்பரப் போட்டுக் கொடு.”

“வேணாங்க,” என்றார் நீலாம்பாள்.

“இன்னா வேணாம்? இன்னும் எத்தினி நாளிக்கு நீ பக்கத்துலயே நிப்பே? கூப்டுய்யா.”

கலியாணசுந்தரம் நம்பரைப் போட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் போனை வீரபாகுவின் கையில் வைத்தார். மறுமுனையில் “இன்னா சுந்தரம்?” என்ற குரல் கேட்டது. அதற்கு மேல் ஒரு சொல்கூடத் தன் காதில் விழக்கூடாது என்று தோன்றியது அவருக்கு. விறுவிறுவென்று வெளியே வந்தார். வாசலில் நின்றால் கேட்கும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரோரம் போய் நின்றார். அங்கேயும் மனம் ஆறவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கி மூடிக்கொண்டார். பால்காரர் வண்டியை நிறுத்தி ஏதோ கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவரைப் போலவே காதைப் பொத்திக் காட்டிச் சிரித்தார்கள். அவர் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

நீலாம்பாள் வாசலுக்கு வந்தார். அழுதிருந்தார், கோபமும் முகத்தில் அப்படியே இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதடு அசைந்தது. இவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடியும் உதடு அசைந்தது. இவர் கண்களையும் இறுக்கிக்கொண்டு, பிறகு மெல்லத் திறந்தார். அந்த அம்மா பேசுவதை நிறுத்திவிட்டு, உள்ளே பாதியில் கிடந்த பாவின் பக்கம் தலையசைத்து, வலது கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினார்.